கோப்பைகள் காத்த ஆட்டம்: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி எழுத உட்காருபவருக்குத் தகவல் திகட்டும். எந்த ஆண்டு யார் பயிற்சியாளர், எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, எந்த அரங்கு எப்போது திறக்கப்பட்டது என்று நூறாண்டுக்கு மேலான கணக்கு அச்சில் கிடைக்கும். தமிழ்நாட்டில் அதே வேலையைத் தொடங்குபவர் கல்லூரி ஆண்டு மலர்களையும், உடற்கல்வித் துறை அறையின் சுவரில் மாட்டிய குழுப் படங்களையும், பழைய ஆட்டக்காரர்களின் நினைவையும் நம்பித்தான் இறங்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. கூடைப்பந்து பிறந்ததே அதற்கு 34 ஆண்டுகள் கழித்து. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு வயது போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நூறாண்டாக இங்கே கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடப்படுகிறது. இருந்தும் பல்கலைக்கழக அணி என்பது தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் ஓர் அமைப்பாக ஏன் உருவாகவில்லை? அப்படியானால் ஆட்டத்தை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தது யார்? இந்தக் கட்டுரை இவ்விரண்டு கேள்விகளையும் பார்க்கிறது. சென்னையின் பெரிய கல்லூரிகளின் இடத்திலிருந்து பார்ப்பதைவிட, திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே இருக்கும் அடி அண்ணாமலை போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால் விடை இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரு வேர், இரண்டு கிளைகள்

1891 டிசம்பரில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை வகுத்தார். பனிக்காலத்தில் கூரைக்குள் ஆட ஒன்று தேவைப்பட்டது. 13 விதிகள், பக்கத்துக்கு 9 பேர், மாடத்தில் மாட்டிய இரண்டு பீச் பழக்கூடைகள், கையில் ஒரு கால்பந்து. முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது. அன்று ஓர் அணிக்குத் தலைமை தாங்கிய டங்கன் பேட்டன் என்ற கனடாக்காரர்தான் 1894-இல் இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தார் என்று கூடைப்பந்து வரலாறுகள் குறிக்கின்றன. அதாவது கண்டுபிடித்த மூன்றே ஆண்டுகளில் ஆட்டம் இந்த மண்ணைத் தொட்டுவிட்டது.

அதன் பிறகு வேரிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்ததைக் கவனிக்க வேண்டும். முதல் கிளை கன்சாஸ் போனது. நெய்ஸ்மித் 1898-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அதன் முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார். அவர் காலத்து அணி 55 வென்று 60 தோற்றது. வென்றதைவிட அதிகம் தோற்ற ஒரே கன்சாஸ் பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே. அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் அங்கேயே 39 பருவங்கள் பயிற்சி தந்தார். ஆலனிடம் ஆடி 1952-இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்த டீன் ஸ்மித், பின்னாளில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்தார். மைக்கேல் ஜோர்டன் ஆடியது அவரிடம்தான். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருவர் பல்லாண்டு தங்குவது, அவரிடம் கற்றவர் அடுத்து வருவது, அரங்குக்கு அவர் பெயரை வைப்பது என்று அங்கே ஒரு குரு பரம்பரையே உருவானது. 1939-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டி இன்று 68 அணிகளோடு நடக்கும் பெருந்திருவிழா.

இரண்டாவது கிளை சென்னைக்கு வந்தது. பென்சில்வேனியாவில் பிறந்து ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1919-இல் இந்தியா வந்தார். 1920-இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் இவரே. 1943-இல் இறக்கும்வரை அவர் உருவாக்கியது ஓர் அணியை அல்ல, ஆசிரியர்களை. அங்கே பயின்றவர்கள் இந்தியாவெங்கும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். அவர்களோடு விசிலும் கூடைப்பந்து விதிப் புத்தகமும் போயின.

தமிழ்நாட்டின் கூடைப்பந்து வரலாற்றில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது இதுவே. கன்சாஸில் ஆட்டம் பல்கலைக்கழகத்தின் சொத்தானது. இங்கே அது பி.டி. மாஸ்டரின் பாடமானது. மாஸ்டருக்கு மாற்றல் வந்தால் ஆட்டமும் அவரோடு ஊர் மாறும். ஆர்வமுள்ள ஒருவர் ஓர் ஊரில் இருபதாண்டு இருந்துவிட்டால் அந்த ஊரே கூடைப்பந்து ஊர் ஆகிவிடும். இதனால் பல்கலைக்கழகங்கள் இழந்தது அதிகம். சிற்றூர்கள் பெற்றதும் அதிகம்.

பல்கலைக்கழக அணி என்றால் எது?

இங்கே பல்கலைக்கழக ஆண்கள் அணி எப்படித் திரளுகிறது என்று தெரியாமல் அதன் வரலாற்றைப் பேச முடியாது. சென்னை, பாரதியார், மதுரை காமராசர், திருவள்ளுவர் போன்றவை இணைப்புக் கல்லூரிகளைக் கொண்ட பல்கலைக்கழகங்கள். மாணவன் படிப்பதும் பயிற்சி எடுப்பதும் கல்லூரியில். பல்கலைக்கழகம் ஆண்டுக்கொரு முறை கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியை நடத்தும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்லூரிகள் மண்டலங்களாகப் பிரிந்து ஆடும். அதில் கண்ணில் பட்டவர்களைத் தேர்வுக்கு அழைத்து, 12 பேரைப் பிரித்தெடுத்து, சில நாள் பயிற்சி முகாம் நடத்தி, தென்மண்டலப் போட்டிக்கு அனுப்புவார்கள். போன மாதம் வரை எதிரெதிர் நின்று முழங்கையால் இடித்துக்கொண்டவர்கள் இப்போது ஒரே நிறச் சீருடையில். யார் எந்தப் பக்கம் வெட்டி ஓடுவான், யாருக்குப் பந்து எங்கே வேண்டும் என்பதெல்லாம் புரிந்துவருவதற்குள் முகாம் முடிந்து ரயில் ஏற வேண்டியிருக்கும்.

தென்மண்டலப் போட்டியின் அமைப்பு இன்னும் கொடிது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து இதை நடத்துகிறது. 1925-இல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கி 1973-இல் இன்றைய பெயரை ஏற்ற அமைப்பு அது. மண்டலப் போட்டி முதலில் நாக்-அவுட். எஞ்சும் நான்கு அணிகள் லீக் ஆடி, அகில இந்தியப் போட்டிக்குப் போகும். முதல் சுற்றிலேயே தோற்கும் அணிக்கு அந்த ஆண்டின் பல்கலைக்கழகக் கூடைப்பந்து என்பது 10 நிமிடம் வீதம் நான்கு கால் பகுதிகள், மொத்தம் 40 நிமிடம். மறுநாள் ஊருக்குத் திரும்பலாம். அடுத்த ஆண்டு பாதிப்பேர் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக அணி ஒரு பருவத்தில் 30 ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடுவதோடு இதை ஒப்பிட்டால், எழுதிவைக்க வரலாறு ஏன் சேரவில்லை என்பது விளங்கும். 40 நிமிடத்துக்கு யார் ஏடு போடுவார்கள்?

பல்கலைக்கழகங்கள் விளையாட்டைப் புறக்கணித்தன என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியாரின் பெயரில் கல்லூரிகளுக்கான தடகளப் போட்டி இன்றும் நடக்கிறது. ஒட்டுமொத்த விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு 1956-57 முதல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கப்படுகிறது. ஆனால் இந்தக் கோப்பை எல்லா ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டிப் பார்ப்பது. தனி ஓர் ஆட்டத்தில் தலைமுறை தலைமுறையாக ஓர் அணியைக் கட்டும் ஊக்கம் அதிலிருந்து வராது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வந்த பிறகு

2000-க்குப் பிறகு ஆட்டத்தின் தராசு சாய்ந்தது. வி.ஐ.டி., சத்தியபாமா, எஸ்.ஆர்.எம்., இந்துஸ்தான் போன்ற தனியார் நிறுவனங்கள் அடுத்தடுத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றன. அதோடு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தனி அணியாக இறங்கும் உரிமையும் கிடைத்தது. நூறு கல்லூரிகளிலிருந்து 12 பேரைத் தேடும் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஒரே வளாகத்தில் ஒரே விடுதியில் ஆண்டு முழுக்கச் சேர்ந்து பயிலும் 12 பேர் நின்றார்கள். கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு, முழுநேரப் பயிற்சியாளர், உள்ளரங்கு. இதெல்லாம் அமெரிக்க மாதிரிக்கு நம் ஊரில் மிக நெருங்கி வந்தவை. தென்மண்டலத்தின் கடைசி நான்கில் எஸ்.ஆர்.எம்., இந்துஸ்தான், பெங்களூரின் ஜெயின் ஆகிய பெயர்கள் பழகிப்போனதற்கு இதுவே காரணம். அவற்றுக்கு நடுவே சென்னைப் பல்கலைக்கழகம் தாக்குப்பிடிப்பது லயோலா போன்ற ஒருசில கல்லூரிகள் தம் வளாகத்திலேயே நல்ல அணிகளை வைத்திருப்பதால்தான்.

இந்த மாற்றத்தில் நன்மை உண்டு. ஏழை வீட்டு உயரமான பையனுக்குக் கட்டணமில்லாப் பொறியியல் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. 2020-இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இந்த அணிகளுக்குத் தொலைக்காட்சி வெளிச்சமும் தந்தன. குறையும் உண்டு. வீரர்கள் குவியும் இடங்கள் சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. மாவட்டக் கல்லூரிகளில் உருவாகும் நல்ல ஆட்டக்காரன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அங்கே இழுக்கப்படுகிறான். அவன் போன பிறகு ஊர்க் கல்லூரியில் மிச்சமிருப்பவர்கள் யாரைப் பார்த்துக் கற்பார்கள்? தவிர, மாணவர் சேர்க்கைக் காலத்து விளம்பரத்துக்கு உதவும்வரை அணிக்குச் செலவழிப்பார்கள். நிர்வாகத்தின் நாட்டம் மாறினால் அணியும் கரையும். முப்பதாண்டு தாண்டி நிற்குமா என்று சொல்ல இவற்றுக்கு இன்னும் வயது ஆகவில்லை.

கோப்பை வைத்த ஊர்கள்

பல்கலைக்கழகங்கள் காக்காத தொடர்ச்சியைக் காத்தவை நினைவுக் கோப்பைகள். தமிழ்நாட்டு ஆண்கள் கூடைப்பந்தின் உண்மையான ஆண்டுக்குறிப்பு அவற்றின் பட்டியலில்தான் இருக்கிறது.

பெரியகுளத்தை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மாம்பழத்துக்குப் பேர்போன சிறு நகரம். அங்கே சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் பி.டி. சித்தன் நினைவாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்துகிறது. கோடை விடுமுறையில் மின்னொளியில் ஆட்டம். ராணுவம், கடற்படை, வங்கி, ரயில்வே அணிகள் வந்து இறங்கும். இந்தியாவுக்கு ஆடியவர்களை ஊர்ப் பையன்கள் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பார்கள். ஒரு கல்லூரி மாணவன் லே-அப் போடும்போது எந்தக் காலை முதலில் ஊன்ற வேண்டும், ரீபவுண்டுக்கு எப்படி இடம் பிடிக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் கற்பதைவிட அங்கே ஒரு வாரம் உட்கார்ந்து கற்பது அதிகம்.

கோவையில் பீளமேட்டுப் பி.எஸ்.ஜி. கோப்பையும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் ஆண்களுக்கு, சி.ஆர்.ஐ. கோப்பை பெண்களுக்கு. பஞ்சாலையும் மோட்டார் பம்பும் செய்து பணம் பார்த்த ஊர், அதில் ஒரு பங்கைக் கூடைப்பந்துக்குக் கொடுத்தது. பி.எஸ்.ஜி. கோப்பை ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. சென்னையில் லயோலா கல்லூரி, தன்னை நிறுவிய பாதிரியார் பெர்ட்ராமின் நினைவாகக் கல்லூரிகளுக்கான போட்டிகளை நடத்துகிறது. நந்தனத்தில் பக் நினைவுப் போட்டிகள் உண்டு. இவற்றில் ஒரு கல்லூரி அணி ஓர் ஆண்டில் ஆடும் ஆட்டங்கள், பல்கலைக்கழகச் சீருடையில் அதே மாணவர்கள் ஆடும் ஆட்டங்களைவிடப் பல மடங்கு. கல்லூரி வீரன் ஆட்டக்காரன் ஆவது இங்கேதான்.

மிதிவண்டியில் வந்து கோடு போடும் கழகச் செயலாளர், பரிசுக்குப் பணம் தரும் மில் முதலாளி, நடுவராக விசில் ஊதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்: கன்சாஸில் ஒரு பல்கலைக்கழகம் செய்ததை இங்கே இவர்கள் பங்கு போட்டுச் செய்தார்கள்.

படிப்புக்குப் பின் வேலை

ஆண்கள் கூடைப்பந்தைத் தாங்கிய மற்றொரு தூண் வேலை. அமெரிக்கக் கல்லூரி வீரன் கனவு காண்பது என்.பி.ஏ.; நம் கல்லூரி வீரன் கனவு கண்டது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., வருமான வரித் துறை, சுங்கத் துறை, காவல்துறை. கல்லூரியில் நன்றாக ஆடினால் அரசு வேலை என்ற நம்பிக்கைதான் பெற்றோரை மைதானத்துக்கு அனுமதி தர வைத்தது. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த 68-ஆவது தேசியப் போட்டியிலும், 2022 ஏப்ரலில் அதே நகரில் நடந்த 71-ஆவது போட்டியிலும் தமிழ்நாடு ஆண்கள் பட்டம் வென்றார்கள். அகிலன் பாரி, முயின் பெக் ஹபீஸ், அரவிந்த் அண்ணாதுரை என்று இந்தியாவுக்கும் ஆடிய தமிழ்நாட்டு வீரர்கள் வந்துகொண்டே இருப்பதற்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணி பெரிய காரணம்.

இந்தத் தூணும் இப்போது மெலிகிறது. 1990-களுக்குப் பிறகு வங்கிகளும் அரசு நிறுவனங்களும் விளையாட்டு வழி ஆள் எடுப்பது முன்போல் இல்லை. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு, பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள், 2023 முதல் கல்லூரி மாணவர்களுக்கும் விரிந்த முதலமைச்சர் கோப்பை என்று அரசு வேறு பக்கத்திலிருந்து கை கொடுக்கிறது. ஆனால் ஒதுக்கீட்டுக்குக் கேட்பது பெரும்பாலும் சான்றிதழ். 12 பேர் அணியில் பெயர் இருந்தால் போதும் என்ற மனநிலை பல்கலைக்கழகத் தேர்வு முகாம்களில் புகுவதற்கு இதுவும் வழிவிடுகிறது.

இந்திய அளவிலும் கல்லூரியே பலவீனமான கண்ணி. இந்திய ஆண்கள் ஒலிம்பிக் ஆடியது 1980 மாஸ்கோவில் ஒரே முறை. ஆசியப் போட்டியில் 1975-இல் நான்காம் இடம் பிடித்ததே உச்சம். 2014-இல் ஆசியக் கோப்பையில் சீனாவை 65-58 என்று வென்றபோது இந்தியப் பயிற்சியாளராக இருந்த ஸ்காட் ஃபிளெமிங், அமெரிக்கச் சிறு கல்லூரி ஒன்றில் பல பருவங்கள் பயிற்சி தந்து பழகியவர். 18 முதல் 22 வயது வரை ஆண்டுக்கு 30 ஆட்டம் ஆடும் பழக்கம் எத்தகைய வீரனை உருவாக்கும் என்பது அவருக்குத் தெரியும். நம்மிடம் அந்த நான்காண்டு காலியாகக் கிடக்கிறது.

மலையடியிலிருந்து பார்த்தால்

இப்போது அடி அண்ணாமலைக்கு வருவோம். இந்த ஊர்ப் பையன் ஒருவன் ஆறடி இரண்டு அங்குலம் வளர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் அவனுக்கு முதலில் கிடைப்பது கபடியும் கைப்பந்தும். இரண்டுக்கும் மண்தரை போதும். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் சமமான சிமென்ட் தரையும் 3.05 மீட்டர் உயரத்தில் ஆடாத வளையமும் வேண்டும். ஊராட்சியில் அதற்குப் பணம் தேடுவது சுலபமில்லை. இந்தக் காரணத்தால்தான் தொடக்க காலத்தில் மிஷன் பள்ளிகளும் பழைய கல்லூரிகளும் ஆட்டத்தின் வாசல்களாக இருந்தன.

அவன் திருவண்ணாமலையின் கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தால் பல்கலைக்கழகச் சீருடை வேலூர் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடையது. 2002-க்கு முன்பென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. இங்கேயே பொறியியல் படித்தால் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. ஒரே ஊரில் மாலையில் ஒரே ஆடுகளத்தில் சேர்ந்து ஆடும் மூன்று நண்பர்கள் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் பிரிந்துபோகிறார்கள். தேர்வுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போக வேண்டும். கல்லூரியில் எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து ஓர் உடற்கல்வி இயக்குநர் இருப்பார். தடகளம், கபடி, கிரிக்கெட் எல்லாம் அவர் தலையில். இந்த நிலையில் அந்தப் பையனுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின்மீது பற்று வரும்? அவன் பற்று வைப்பது மாவட்ட விளையாட்டு அரங்கில் தன்னைச் சேர்த்துக்கொண்ட குழுவின்மீது.

என்ன செய்யலாம்?

அமெரிக்க மாதிரியை அப்படியே கொண்டுவரச் சொல்பவர்கள் உண்டு. அங்கே அது தொலைக்காட்சிப் பணத்தில் ஓடும் வணிகம். 2021 முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாகி, பருவத்துக்கொரு பல்கலைக்கழகம் மாறுவது இயல்பாகிவிட்டது. ஆலன், ஸ்மித் காலத்துத் தொடர்ச்சி அங்கேயே தேய்கிறது. நமக்கு அந்தப் பணமும் வராது, அந்த நோயும் தேவையில்லை.

நம்மிடம் இருப்பதிலிருந்து தொடங்கலாம். முதலாவது, கல்லூரிகளுக்கிடையிலான போட்டியை நாக்-அவுட்டிலிருந்து மாவட்ட லீகுக்கு மாற்றுவது. திருவண்ணாமலை, செய்யாறு, ஆரணிப் பக்கத்துக் கல்லூரிகள் தமக்குள் ஊர் மாற்றி ஊர் ஆடினால் செலவு பேருந்துக் கட்டணம்தான். ஆட்டமோ பத்து, பன்னிரண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தாலும் இதில் சேர்ந்து ஆடலாம். இரண்டாவது, பல்கலைக்கழக அணியை ஆண்டுத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்து, பெரியகுளம், கோவைப் போட்டிகளில் பல்கலைக்கழகப் பெயரிலேயே இறக்குவது. முகாமில் சேராத ஒத்திசைவு அங்கே சேரும். மூன்றாவது, ஆட்ட ஏடு. ஒவ்வோர் ஆட்டத்திலும் மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுகிறார்கள். யார் எத்தனை புள்ளி, எத்தனை ஃபவுல் என்று அதில் எல்லாம் இருக்கிறது. போட்டி முடிந்ததும் அது குப்பைக்குப் போகிறது. பல்கலைக்கழக நூலகம் ஓர் அலமாரி ஒதுக்கினால் இருபதாண்டில் வரலாறு தானே எழுந்து நிற்கும்.

மூன்றிலும் செலவு குறைந்தது கடைசி. பயன் நீடிப்பதும் அதுவே. தனக்கு முன்னால் இந்தச் சீருடையை யார் போட்டார்கள், எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று தெரிந்த மாணவன் அந்தச் சீருடையைச் சான்றிதழுக்காக மட்டும் போட மாட்டான். பக் ஆசிரியர்களைத் தந்தார், ஊர்கள் கோப்பைகளைத் தந்தன, வங்கிகள் வேலை தந்தன. நூறாண்டுக் கணக்கில் தம் பங்கை இன்னும் கட்டாதவை பல்கலைக்கழகங்கள் மட்டுமே.